கடலில்லாத ஊரிலிருந்து கடலோர நாகரிகங்களை ஆடுவது எப்படி: சிவிலைசேஷன் 6 முழு வழிகாட்டி

எனக்குச் சொந்த ஊர் திருப்பூர். கடலை முதன்முதலில் பார்த்ததே பத்தாவது முழுப்பரீட்சை லீவில், திருச்செந்தூருக்கு மொட்டையடிக்கப் போனபோதுதான். அந்த ஏக்கமோ என்னவோ, சிவிலைசேஷன் 6 (ஒரு நாட்டை ஆதிகாலத்திலிருந்து வளர்க்கும் கணினி ஆட்டம்) கைக்கு வந்ததும் கரையோர நாடுகளாகவே தேர்ந்தெடுத்து ஆடினேன். நார்வே, இங்கிலாந்து, இந்தோனேசியா. வரிசையாகத் தோற்றேன்.

ஒருநாள் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்புச்சி (அம்மாவின் அப்பா) கேட்டார்: "ஏங்கண்ணு, தண்ணிக்குள்ள ஊரக் கட்டறயே, காடு தோட்டம் எங்க?"

ஆட்டத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நான் ஐந்து ஆட்டமாகக் கண்டுபிடிக்காத கோளாறு அதுதான். இந்த ஆட்டத்தில் கடல் சோறு போடும், காசு கொடுக்கும். உற்பத்தி கொடுக்காது. உற்பத்தி இல்லாவிட்டால் கப்பலும் இல்லை, சுவரும் இல்லை, அதிசயக் கட்டடமும் இல்லை. கீழே சொல்லப்போவது முழுக்க இந்த ஒரு குறையைச் சமாளிக்கும் வழிகள்தான். 2018-இல் வந்த ரைஸ் அண்ட் ஃபால், 2019-இல் வந்த கேதரிங் ஸ்டார்ம் என்ற கூடுதல் தொகுப்புகள் இரண்டும் சேர்ந்த ஆட்டத்தை வைத்து எழுதுகிறேன். அவை இல்லாதவர்கள் விசுவாசம் (நகரம் உங்கள் பக்கமே நிற்கும் பற்று), கடல்மட்டம் பற்றிய பகுதிகளைத் தாண்டிப் போகலாம்.

முதல் படி: வரைபடம்

பேஞ்சியா வரைபடத்தில் நார்வேயைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "இந்த நாடு மட்டம்" என்று சொல்லாதீர்கள். எல்லா நாடும் ஒரே நிலத்தில் இருக்கும்போது கப்பல் எதற்கு? ஆர்க்கிபெலாகோ, ஐலண்ட் பிளேட்ஸ், ஸ்மால் கான்டினென்ட்ஸ் மூன்றும் கடலோர நாடுகளுக்குத் தோதானவை. புதிதாகக் கற்பவருக்கு நான் சொல்வது ஸ்மால் கான்டினென்ட்ஸ். ஆர்க்கிபெலாகோவில் கடல் தாராளமாக இருக்கும், ஆனால் மலையும் மேடும் கிடைப்பது அரிது; உற்பத்திப் பஞ்சம் அங்கே இரட்டிப்பாகும்.

இரண்டாம் படி: தலைநகரை எங்கே வைப்பது

ஆட்டம் பாதி ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நன்னீர் (ஆறு, ஏரி, பாலைவனச் சோலை) ஒட்டிய நகரத்துக்குக் குடியிருப்பு (எத்தனை பேர் தாராளமாக வாழலாம் என்ற எண்) 5. நன்னீர் இல்லாமல் கடல் மட்டும் ஒட்டியிருந்தால் 3. இரண்டும் இல்லாவிட்டால் 2. கொங்கு நாட்டில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. கீழ்பவானி வாய்க்கால் பாயும் பூமிக்கும் மானாவாரிக் காட்டுக்கும் விலையில் என்ன வித்தியாசம் என்று நமக்குத் தெரியும். கடல் எவ்வளவு பெரிதானாலும் குடிக்கிற தண்ணீர் வேறு.

குடியிருப்பு எண்ணுக்கு ஒன்று குறைவாக மக்கள்தொகை வந்ததுமே வளர்ச்சி பாதியாகிவிடும். எண்ணைத் தொட்டால் கால்வாசி. அதாவது வெறும் கடலோர நகரம் இரண்டு பேர் ஆனதுமே மூச்சு வாங்க ஆரம்பிக்கும். நான்கு பேர் வந்தால்தான் இரண்டாவது டிஸ்ட்ரிக்ட் (தனிக் கட்டத்தில் கட்டும் சிறப்புப் பகுதி), ஏழு பேருக்கு மூன்றாவது. மூன்றிலேயே நின்றுபோன ஊரை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

எனவே தேட வேண்டியது ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம். நன்னீரும் கிடைக்கும், கடலும் கிடைக்கும். செட்லரை (ஊர் நிறுவும் குடியேறியை) இரண்டு டர்ன் (ஆட்ட முறை) நடக்க வைத்தாவது முகத்துவாரத்தைப் பிடியுங்கள். அது அமையாவிட்டால், நகர மையத்தை ஒட்டி அக்விடக்ட் (நன்னீர் கொண்டுவரும் கால்வாய்) கட்ட முடியுமா என்று பாருங்கள். அதற்கு மலையோ ஆறோ ஏரியோ பக்கத்திலேயே இருக்க வேண்டும். இரண்டுக்கும் வழியில்லாத இடத்தில் எனக்கு மீனே வேண்டாம்.

இன்னொரு கணக்கு. ஒரு நகரம் தன்னைச் சுற்றி மூன்று வளையம், மொத்தம் 36 கட்டங்களை உழ முடியும். நேர்க்கோடாக ஓடும் கரையில் அதில் பாதி கடலாகிவிடும். கேம்பஸ் (அறிவியல்), தியேட்டர் ஸ்கொயர் (பண்பாடு), இண்டஸ்ட்ரியல் ஸோன் (உற்பத்தி) எல்லாவற்றுக்கும் மிச்சப் பாதிதான். சின்ன மனையில் வீடு கட்டுவதுபோல, எது எங்கே என்று முதலிலேயே மனதில் வரைபடம் போட்டுவிட்டுத்தான் கடக்கால் தோண்ட வேண்டும்.

மூன்றாம் படி: ஆராய்ச்சி வரிசை

கரையில் நகரம் வைத்தாலே செய்லிங்குக்கான யுரேகா (ஆராய்ச்சியை விரைவாக்கும் ஊக்கம்) கிடைத்துவிடும். இரண்டு கடல் வளங்களை மேம்படுத்தினால் செலஸ்டியல் நாவிகேஷனுக்கு, இரண்டு கேலி வைத்திருந்தால் ஷிப்பில்டிங்குக்கு, இரண்டு ஹார்பர் (துறைமுக டிஸ்ட்ரிக்ட்) கட்டினால் கார்டோகிராஃபிக்கு. (கேலி என்று எழுதினால் கிண்டல் என்று படிக்கத் தோன்றும். துடுப்புக் கப்பலைத்தான் சொல்கிறேன்.) நாம் எப்படியும் செய்யப்போகிற வேலைகளுக்கே யுரேகா வைத்திருக்கிறார்கள், இதைக் கடலோர நாடுகளின் மறைமுகமான பலம் என்றே சொல்வேன்.

ஆனால் ஒரு தப்பு எல்லோரும் செய்வது: செய்லிங்கை முடித்த கையோடு கடல் பக்கமே போய்க்கொண்டிருப்பது. மைனிங்கை விட்டுவிடாதீர்கள். உங்களிடம் இருக்கும் நான்கு மேட்டுக் கட்டங்களில் சுரங்கம் தோண்டாமல் மீன்பிடிப் படகுக்குப் பில்டரை (கட்டங்களை மேம்படுத்தும் வேலையாளை) அனுப்பினால், அடுத்த செட்லர் வர யுகமாகும்.

நான்காம் படி: மீனும் லைட்ஹவுஸும்

வெறும் கடற்கரைக் கட்டம் 1 உணவும் 1 தங்கமும் தரும். ஓர் ஆள் தின்பது 2 உணவு. அங்கே வேலைக்குப் போகிறவன் தன் சாப்பாட்டுக்கே கடன் வாங்குகிறான் என்று அர்த்தம். மீன் உள்ள கட்டம் 2 உணவு, 1 தங்கம். படகு போட்டால் 3 உணவு. ஹார்பரில் லைட்ஹவுஸ் கட்டினால் 4. லைட்ஹவுஸ் வந்தபின் வெறும் கட்டமும் 2 உணவு கொடுத்துத் தன் காலில் நிற்கும். ஆகவே லைட்ஹவுஸுக்கு முன்பு வெறும் கடலில் ஆளை உட்கார வைக்காதீர்கள். ஆட்டம் தானாகவே அங்கே ஆளைப் போட்டிருக்கும், நகரத் திரையைத் திறந்து மேட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

பவளப்பாறை (ரீஃப்) உள்ள கட்டம் வேறு ஜாதி. கூடுதலாக 1 உணவு, 1 உற்பத்தி தருவதோடு, பக்கத்தில் வைக்கும் கேம்பஸுக்கு அறிவியல் 2 ஏற்றும். ரீஃப் பார்த்தால் விடாதீர்கள்.

ஐந்தாம் படி: முக்கோணம்

கடலோர ஆட்டத்தின் உயிர்நாடி இதுதான். நகர மையம், ஹார்பர், கமர்ஷியல் ஹப் (வணிக டிஸ்ட்ரிக்ட்) மூன்றும் ஒன்றையொன்று தொட்டபடி இருக்க வேண்டும்.

ஹார்பர் நகர மையத்தை ஒட்டினால் 2 தங்கம். பக்கத்திலுள்ள ஒவ்வொரு கடல் வளத்துக்கும் 1. ஒட்டியிருக்கும் டிஸ்ட்ரிக்டுகளுக்கு அரை அரை. கமர்ஷியல் ஹப்புக்கு ஆறு ஒட்டினால் 2, ஹார்பர் ஒட்டினால் 2, பக்கத்து டிஸ்ட்ரிக்டுகளுக்கு அரை அரை. முகத்துவாரத்தில் இந்த மூன்றையும் சேர்த்தால் ஹப்புக்கு 5, ஹார்பருக்கு 3. இரண்டு மீன் ஹார்பரைத் தொட்டால் அதற்கும் 5.

வெறும் தங்கம்தானே என்று நினைக்க வேண்டாம். இந்த எண் மூன்று இடங்களில் திரும்பத் திரும்ப வேலை செய்யும். கிளாசிக்கல் அல்லது மெடீவல் காலத்தில் பொற்காலம் கிடைத்து ஃப்ரீ இன்கொயரி என்ற சலுகையைத் தேர்ந்தெடுத்தால், அதே அளவு அறிவியலும் வரும். நேவல் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் கொள்கை அட்டை ஹார்பரின் எண்ணை இரட்டிப்பாக்கும். பின்னால் வரும் ஷிப்யார்டு அந்த எண்ணுக்கு ஈடான உற்பத்தி கொடுக்கும். ஆள் இறக்கி மேம்படுத்தாத வெறும் கடற்கரைக் கட்டங்களுக்கும் ஷிப்யார்டு தலா 1 உற்பத்தி சேர்க்கும். கடல் உற்பத்தி தராது என்று மேலே சொன்னேன் இல்லையா? ரீஃப் போன்ற சில கட்டங்களை விட்டால், ஷிப்யார்டு வரும்வரைதான் அது உண்மை. ஆனால் ஷிப்யார்டுக்கு மாஸ் புரொடக்ஷன் தொழில்நுட்பம் வரும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் பக்கத்து நாட்டுக்காரன் குதிரையோடு வந்துவிடுவான்.

ரெய்னா என்ற கவர்னருக்கு ஹார்பர்மாஸ்டர் பதவி உயர்வு கொடுத்து முக்கோண நகரத்தில் வைத்தால் இரண்டு டிஸ்ட்ரிக்டின் ஒட்டுப்பலனும் (பக்கத்தில் இருப்பவற்றால் வரும் கூடுதல்) இரட்டிப்பு. ஒரு சின்ன எச்சரிக்கை: மார்க்கெட், லைட்ஹவுஸ் இரண்டும் இருந்தாலும் ஒரு நகரத்துக்கு ஒரு வணிகப் பாதைதான் கூடும். இரண்டு கிடைக்கும் என்று கணக்குப் போட்டு நானும் ஏமாந்திருக்கிறேன்.

ஆறாம் படி: உள்நாட்டில் ஒரு கொடுமணல்

இதுதான் அப்புச்சி கேட்ட கேள்விக்குப் பதில்.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல், கடலிலிருந்து வெகுதூரம். ஆனாலும் அங்கே அகழ்ந்தபோது கல்மணி செய்த பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும் கிடைத்தன. மேற்குக் கடற்கரையின் முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போகும் பெருவழியில் இருந்த ஊர் அது. கோயமுத்தூர் பக்கம் வெள்ளலூரில் ரோமக் காசுப் புதையல் கிடைத்ததும் இதே வழித்தடத்தால்தான். கப்பல் முசிறியில் நின்றது, சரக்கு இங்கே தயாரானது. இன்றைக்கும் பனியன் தைப்பது திருப்பூரில், கன்டெய்னர் ஏறுவது தூத்துக்குடியில்.

ஆட்டத்திலும் அதையே செய்யுங்கள். இரண்டு கடலோர நகரத்துக்கு ஓர் உள்நாட்டு நகரம் என்பது என் கணக்கு. மேடும் ஆறும் உள்ள இடமாகப் பார்த்து, கரையிலிருந்து நான்கைந்து கட்டம் உள்ளே தள்ளி வையுங்கள். நகரத்தின் பெயரை மாற்றலாம் என்பதால் நான் துறைமுகத்துக்கு முசிறி என்றும் உள்நாட்டு நகரத்துக்குக் கொடுமணல் என்றும் வைத்துவிடுவேன்.

கொடுமணலில் முதலில் இண்டஸ்ட்ரியல் ஸோன். அக்விடக்டும் அணையும் ஒட்டினால் தலா 2 உற்பத்தி ஏறும். அங்கே கட்டும் ஃபேக்டரியின் பலன் 6 கட்டத் தூரத்துக்குள் இருக்கும் எல்லா நகர மையங்களுக்கும் போகும். ஆகவே கடலோர நகரங்களில் இருக்கிற கொஞ்ச இடத்தை இண்டஸ்ட்ரியல் ஸோனுக்கு வீணாக்க வேண்டியதில்லை. ஒரு ஃபேக்டரி மூன்று துறைமுகத்துக்குக் கரண்ட் கம்பி இழுத்த மாதிரி வேலை செய்யும். ஒரே நகரத்துக்கு இரண்டு ஃபேக்டரியின் பலன் சேராது, அதனால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டுவது தண்டம்.

அடுத்தது உள்நாட்டு வணிகப் பாதை. இதில் புதியவர்கள் திசையை மாற்றிப் போடுவார்கள். வண்டி எந்த ஊரிலிருந்து கிளம்புகிறதோ அந்த ஊருக்குத்தான் உணவும் உற்பத்தியும் வரும். போய்ச் சேரும் ஊரில் டிஸ்ட்ரிக்ட் அதிகமாக இருந்தால் வருமானமும் அதிகம். எனவே புதிதாக வைத்த முசிறியிலிருந்து வளர்ந்த கொடுமணலுக்கு வண்டியை விடுங்கள். ஆரம்பத்திலேயே வெளிநாட்டுக்கு வண்டி விட்டுத் தங்கம் சேர்ப்பதைவிட இது எத்தனையோ மேல்.

ஏழாம் படி: கடல் காவல்

கடற்கரையில் காட்டுமிராண்டி முகாம் இருந்தால் அது கப்பல் விடும். மீன்பிடிப் படகைக் கொள்ளையடித்துவிட்டுப் போகும், பில்டரை மறுபடி அனுப்பிச் சரிசெய்ய வேண்டும். முதல் மீன்பிடிப் படகுக்கு முன்பே ஒரு கேலி தண்ணீரில் இருக்கட்டும். கரையோரம் சுற்றிவந்து ஊர்களையும் கண்டுபிடித்துக் கொடுக்கும்.

ஃபாரின் டிரேட் கிடைத்ததும் மாரிடைம் இண்டஸ்ட்ரீஸ் அட்டையைப் போட்டால், பண்டைய, கிளாசிக்கல் காலக் கப்பல்களுக்கு உற்பத்தி இரு மடங்கு. என் மாமன் மகன் (பெருந்துறையில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை ஆன்லைனில் சேர்ந்து ஆடுவோம்) இதைத்தான் பிடித்துக்கொண்டு என்னை நாசம் செய்தான். அட்டையைப் போட்டு ஐந்தாறு குவாட்ரிரீமை (பழங்காலப் போர்க்கப்பல்) கட்டி, சும்மா நிறுத்திவைத்துத் தங்கமும் வெடியுப்பும் சேர்த்தான். ஸ்கொயர் ரிகிங் தொழில்நுட்பம் வந்த அன்றே எல்லாவற்றையும் ஃப்ரிகேட்டாக மாற்றிவிட்டான். ஃப்ரிகேட் இரண்டு கட்டத் தூரம் சுடும். "மாப்ள, சுவர் கட்டலியா?" என்று கேட்டுக்கொண்டே என் முசிறியைச் சுட்டான். அன்றைக்குக் கற்றது: கடலோர நகரத்துக்கு மதில் சுவர் ஆடம்பரச் செலவில் சேராது. சுவர் இருந்தால்தான் நகரம் திருப்பிச் சுடும்.

அவன் செய்ததை நீங்கள் செய்யும்போது ஒன்றை மறக்க வேண்டாம். ஃப்ரிகேட்டால் நகரத்தைப் பிடிக்க முடியாது, இடிக்கத்தான் முடியும். உள்ளே நுழைய ஒரு கேரவல் (நெருங்கிப் போரிடும் கப்பல்) வேண்டும். உங்களுடைய பழைய கேலி மேம்பட்டால் கேரவலாகும், அதனால் அதைக் கலைத்துவிடாதீர்கள்.

எட்டாம் படி: விசுவாசம்

ஒன்பது கட்டத் தூரத்துக்குள் இருக்கும் ஊர்களின் மக்கள்தொகைதான் ஒரு நகரத்தின் விசுவாசத்தை இழுக்கிறது. கடலோர நகரத்துக்குக் கடல் பக்கத்தில் சொந்தக்காரன் யாரும் கிடையாது. கடல் தாண்டி ஒற்றை நகரம் வைத்தால் சில டர்ன்களில் கட்சி மாறிவிடும். வைப்பதானால் இரண்டு மூன்றாக, அடுத்தடுத்து வையுங்கள், ஒரு கவர்னரையும் அனுப்புங்கள். அவர் உட்கார்ந்ததும் 8 விசுவாசம் கூடும்.

எந்த நாடு யாருக்கு

எல்லா நாட்டையும் ஒரே அளவில் பேச எனக்கு இஷ்டமில்லை. பிடித்ததை நிறையச் சொல்கிறேன்.

புதியவருக்கு இந்தோனேசியா. காரணம் கம்புங். கடல் வளத்தை ஒட்டிய கடற்கரைக் கட்டத்தில் கட்டும் தண்ணீர் வீடு அது. குடியிருப்பும் உற்பத்தியும் தரும், பக்கத்து மீன்பிடிப் படகு ஒவ்வொன்றுக்கும் உணவும் ஏற்றும். கடலோர நாட்டின் இரண்டு பெரிய குறைகளையும் ஒரே கட்டடத்தில் அடைத்துவிட்டார்கள். ஹோலி சைட், கேம்பஸ் போன்றவற்றுக்குக் கடற்கரைக் கட்டங்களும் ஒட்டுப்பலன் தரும். குறை என்னவென்றால், ஷிப்பில்டிங் வரும்வரை கம்புங் கட்ட முடியாது. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பீனீசியா எனக்கு மிகவும் பிடித்தது. அதன் கோத்தான் பாதி விலைக்குக் கிடைக்கும் ஹார்பர்; அந்த நகரத்தில் கப்பலுக்கும் செட்லருக்கும் 50 சதவீதம் கூடுதல் உற்பத்தி. தலைநகர் இருக்கும் கண்டத்திலேயே நிறுவும் கடலோர நகரங்களுக்கு விசுவாசம் எப்போதும் 100. எட்டாம் படியை இவர்கள் படிக்கவே வேண்டாம். ஆனால் ஊர் ஊராக வைத்துக்கொண்டே போகும் ஆசையில் மேலே சொன்ன கொடுமணலை மறந்துவிடுவீர்கள். கரை நீளமாக இருக்கும், கையில் உற்பத்தி இருக்காது.

மாவோரி நடுக்கடலில் ஆரம்பிப்பார்கள். செய்லிங், ஷிப்பில்டிங் இரண்டும் முதலிலேயே உண்டு. நல்ல இடம் தேடி அலையலாம். ஊர் வைக்காத ஒவ்வொரு டர்னுக்கும் அறிவியலும் பண்பாடும் கொஞ்சம் தருவார்கள். காட்டை வெட்டாமல் வைத்தால் உற்பத்தி கூடும், அதனால் மரம் அடர்ந்த கரையாகத் தேடுங்கள். ஐந்தாறு டர்னுக்கு மேல் அலைவது பேராசை.

நார்வே கொள்ளைக்காரன். ஷிப்பில்டிங்கிலேயே பெருங்கடலில் இறங்கலாம், கரையைத் தாக்கிச் சூறையாடலாம். பக்கத்தில் கடலோர எதிரி இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கும். போர்ச்சுகல் வணிகம்: வெளிநாட்டுப் பாதையில் 50 சதவீதம் கூடுதல் வருமானம், ஆனால் கடற்கரையில் உள்ள அல்லது ஹார்பர் கட்டிய ஊர்களுக்கு மட்டும்தான் அந்தப் பாதையை விட முடியும். ஆஸ்திரேலியாவுக்குக் கடலோர நகரங்களில் குடியிருப்பு 3 கூடுதல் என்பதால் நன்னீர்த் தொல்லை பாதி தீர்ந்தது. விக்டோரியாவின் இங்கிலாந்து, கடல் தாண்டிக் குடியேறத் துணிந்தவர்களுக்கு.

ஆறாவது பாகத்தில் சோழர் இல்லையே என்று ஒரு குறை எல்லோருக்கும் உண்டு. 2025-இல் வந்த ஏழாவது பாகத்தில் சேர்த்துவிட்டார்கள். அதைப் பற்றிப் பேசினால் இந்தக் கட்டுரை முடியாது.

அதிசயங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: ஹாலிகார்னசஸ் மௌசோலியம். ஹார்பரை ஒட்டிக் கட்ட வேண்டும். அந்த நகரத்தின் கடற்கரைக் கட்டம் ஒவ்வொன்றும் அறிவியல், பண்பாடு, மத நம்பிக்கை தலா 1 கொடுக்கும். அதோடு ஆக்லாந்து நகர அரசுக்கு நீங்கள் தூதர்களை அனுப்பி அதிபதியானால் ஆழமில்லாத கடல் கட்டத்தில் 1 உற்பத்தி கூடும். வரைபடத்தில் ஆக்லாந்தைப் பார்த்தால் தூதர்களை வேறெங்கும் சிதறடிக்காதீர்கள்.

கடைசிப் படி: கடல் ஏறும்போது

கேதரிங் ஸ்டார்மில் நிலக்கரியும் எண்ணெயும் எரிக்க எரிக்கக் கடல்மட்டம் உயரும். கரையோரத் தாழ்நிலங்கள் 1, 2, 3 மீட்டர் என மூன்று வகை. முதலில் வெள்ளம், அடுத்தது முழுகிப்போவது. முழுகிய கட்டத்தில் இருந்தது திரும்ப வராது. உங்கள் கேம்பஸ் 1 மீட்டர்க் கட்டத்தில் இருந்தால் அது முதல் பலி.

தடுப்பு ஃப்ளட் பேரியர். கம்ப்யூட்டர்ஸ் தொழில்நுட்பத்தில்தான் கிடைக்கும். காக்க வேண்டிய கட்டங்கள் எத்தனையோ, கடல் எவ்வளவு ஏறியிருக்கிறதோ, அதற்கேற்ப விலையும் ஏறும். கடலோர நகரங்களுக்கே உற்பத்தி குறைவு, அந்த நகரங்களே இந்தப் பெரிய வேலையைச் செய்ய வேண்டும். நெதர்லாந்துக்கு மட்டும் இதற்கு 50 சதவீதம் கூடுதல் உற்பத்தி.

எனவே எதிராளிகள் கரியைக் கொளுத்துகிறார்கள் என்று தெரிந்த உடனே மற்ற ஆராய்ச்சியை நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டர்ஸுக்கு ஓடுங்கள். அது முடிவதற்கு ஐந்தாறு டர்ன் முன்பே துறைமுக நகரங்களிலிருந்து கிளம்பும் எல்லா வணிகப் பாதைகளையும் உள்நாட்டுக்குத் திருப்பிவிடுங்கள். என் கடைசி ஆட்டத்தில் முசிறி தனியாகக் கட்டியிருந்தால் பேரியருக்கு 31 டர்ன் காட்டியது. மூன்று வண்டிகளைக் கொடுமணல் பக்கம் திருப்பியதும் 19-க்கு இறங்கியது. 17-ஆவது டர்னில் கடல் இன்னொரு படி ஏறியது. ஒரு கரையோரக் கட்டமும் தியேட்டர் ஸ்கொயரும் போயின, ஹார்பர் தப்பியது.